எந்தப் பக்கம் தலையாட்டினாள்

பொல்யானா,
ஏப்ரல் 18

ரலி,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்பெயின் பஸ் ஓட்டும் வெலிசார் அதை வாசலில் இறக்கிவிட்டு, காபி குடிக்காமல் பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துகொண்டார். "உன் தங்கச்சி ரொம்ப இளைச்சுட்டா, ஒரு போனாவது பண்ணும்மா" என்றார். இளைத்தவள் சாப்பிட வேண்டும், போன் என்ன செய்யும் என்று கேட்டேன். மனிதர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

போன் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்தால், திங்களும் செவ்வாயும் மிலேனா வேறு பிள்ளையாகிவிடுகிறாள். "அம்மா எப்ப வருவாங்க" என்று கேட்டாலாவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கேட்பதே இல்லை. ஒரு ஷூவின் நாடாவைக் கட்டிவிட்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். வகுப்பிலும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாளாம். ஆசிரியை கிரெமெனா, நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறைக்கே என்னைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் மே கடைசியில் பள்ளி மூடும்வரை போன் வேண்டாம் என்றேன். நீ பட்டென்று வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பிள்ளையைப் பார்சல் மாதிரி அனுப்பி வெச்சவ தானே நீ" என்று அன்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போன் வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

மற்றபடி கவலைப்படாதே. போன செப்டம்பரில் வந்து இறங்கியபோது நம் எழுத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள், இப்போது கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறாள். தலையாட்டுவதுகூட நம் ஊர்க்காரி மாதிரி ஆகிவிட்டது. வந்த புதிதில் ஸ்பெயின்காரி போல மேலும் கீழும் ஆட்டி "ஆமா" சொல்வாளே, வகுப்பே சிரிக்குமே, சொல்லியிருந்தேனே, நினைவிருக்கிறதா? இப்போது அழகாகப் பக்கவாட்டில் ஆட்டுகிறாள். இனி அவளை யாரும் வெளியூர்ப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

நீ அனுப்பிய மஞ்சள் சட்டை அவளுக்குச் சின்னதாகிவிட்டது. அடுத்த முறை ஒரு அளவு பெரியதாக வாங்கு.

தோன்கா


செகோவியா பக்கம்,
ஏப்ரல் 27

அக்கா,

சட்டை சின்னதாகிவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். அந்த வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு நாள் முழுக்க வேலை செய்தேன். என் பிள்ளை எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரியாது. நீ அதைத் துணிக்கடைக்காரனிடம் சொல்வது போல என்னிடம் சொல்கிறாய்.

போன ஞாயிறு வழக்கம்போலத் தலை குளித்துவிட்டு போன் கடைக்குப் போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் யாரையும் கூப்பிட முடியாது என்பது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் பூத்துகளுக்குள் ஆளாளுக்கு அவரவர் பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் "உங்க லைன் கிடைக்கலையா?" என்று கேட்டான். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாதிரி நீளமான நாள் வேறு கிடையாது, அக்கா. குடும்பம் குடும்பமாகத் தெருவில் நடக்கிறார்கள். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, திங்கட்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்சல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டாய், சரி. ஆனால் அது உண்மையும் கூட. தோதோர் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து என்னையும் பிள்ளையையும் விட்டுப் போன பிறகு எனக்கு வேறு வழி இருந்ததா? விடியுமுன்னே காரட் கழுவும் கொட்டகையில் வேலைக்கு நிற்க வேண்டும். பிள்ளையை யார் எழுப்புவது, யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது? உன்னிடம் அனுப்பினேன். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினேன். பஸ் ஜன்னலில் அவள் முகம் இருந்த இருப்பை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒரு செய்தி. கொட்டகையில் என்னைக் காலை ஒன்பது மணி ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி கட்டும் பிரிவு, உட்கார்ந்து செய்யும் வேலை. பேக்கரிக்கு மேலே இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஜூன் பிறக்கும்வரை எனக்காகக் காத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பள்ளியிலும் ஜூன் நடுவில் பெயர் கொடுத்துவிட வேண்டும். மிலேனா வரலாம், அக்கா. விடுமுறைக்கு மட்டும் இல்லை. என்னோடு இருக்க வரலாம்.

ஆனால் நானாக முடிவு செய்ய மாட்டேன். ஒரு தடவை அவளைக் கேட்காமல் செய்ததே போதும். அங்கே அவளுக்குப் பள்ளி இருக்கிறது, தோழிகள் இருப்பார்கள், நீ இருக்கிறாய். என்னைவிட உன்னோடுதான் இருக்க ஆசை என்றால் நான் தடுக்க மாட்டேன். போனில் என்னைப் பேசவிடமாட்டாய், அதனால் நீயே கேள். எனக்காகச் சாய்த்துக் கேட்காதே, உனக்காகவும் சாய்த்துக் கேட்காதே. அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுது.

ரலிட்சா


பொல்யானா,
மே 10

ரலி,

இன்னும் கேட்கவில்லை. வேண்டுமென்று தள்ளிப்போடுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். நீ இங்கே இருந்து பார்த்தால் இந்தப் பிள்ளையிடம் "ரொட்டி வேணுமா" என்று கேட்கக்கூடப் பயப்படுவாய்.

மே மாதத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதை நீ மறந்திருப்பாய். செப்டம்பரில் "நன்றி, அம்மா" என்று சொல்லித் தட்டை வாங்கிய அதே பிள்ளைகள்தான், இப்போது தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பருப்பு சூப்புக்குள் கரண்டியை விட்டபடியே தூங்கிவிட்டான். உயிர்த் தோழிகளாக இருந்த இரண்டு பெண்கள் வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று முடியைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் அழுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறோம் என்றும் தெரிவதில்லை. ஆசிரியைகளும் சரியில்லை. கிரெமெனா நேற்று காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, கண்டுபிடிக்கக்கூட இல்லை.

இதில் நம் மிலேனாவுக்கு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வேலை. மற்றப் பிள்ளைகள் கணக்கை மட்டும் யோசித்தால் போதும். இவள் முதலில் பாஷையை யோசித்து, பிறகு கணக்கை யோசிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் உள்ளே போயிருக்கிறது. பேச்சு நின்றே போய்விட்டது. எதைக் கேட்டாலும் தலைதான் ஆடுகிறது. அதிலும் பிடிவாதம், பொய். ஆமாம், பொய் என்றுதான் எழுதுகிறேன்.

முந்தாநாள் சூப் ஊற்றினேன். "போதுமாடி?" என்றேன். போதாது என்று தலையாட்டினாள். இன்னொரு கரண்டி ஊற்றினேன். மறுபடி கேட்டேன், மறுபடி போதாது. விளிம்புவரை ஊற்றிய பிறகு தட்டை அப்படியே என் மடியில் தள்ளிவிட்டாள். சூடு வேறு. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பள்ளியிலும் இதே கதைதான். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கிரெமெனா கேட்டால் எழுதினேன் என்று தலையாட்டுகிறாள், நோட்டைத் திறந்தால் வெள்ளையாக இருக்கிறது. எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டாளாம். அதன் பிறகு மிலேனா பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை.

இவளிடம் போய், எங்கே வாழப்போகிறாய் என்று கேட்கச் சொல்கிறாய். கேட்கிறேன். கொஞ்சம் பொறு.

தோன்கா


செகோவியா பக்கம்,
மே 17

அக்கா,

மிலேனா பொய் சொல்ல மாட்டாள். சிறு வயதில் சாக்லேட்டைத் திருடித் தின்றுவிட்டு, நான் கேட்பதற்கு முன்னால் தானே வந்து நிற்பாள். அவளைப் பொய்க்காரி என்று சொன்னவளிடம் நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே. சும்மா கேட்டுக்கொண்டு வந்தாயா?

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் இருக்கிறது. அங்கே அவள் பெஞ்சுக்கு அடியில் உட்காருகிறாள், இங்கே நான் காரட்டுக்கு நடுவில் உட்காருகிறேன், எங்கள் இருவருக்கும் நடுவில் நீ போனுக்கு அணைகட்டிக்கொண்டு நிற்கிறாய். அவள் களைத்திருக்கிறாள் என்றால் களைத்த பிள்ளைக்கு அம்மா வேண்டும் என்பது சமையலறைக்காரிக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் நேற்று மறுபடி கேட்டார். அந்தச் சின்ன அறையின் சுவருக்கு வெளிர் பச்சை அடிக்கலாமா என்று அவரே கேட்கிறார். பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆனால் தினமும் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறேன், எனக்கு அது சுற்று வழி.

கேட்டுவிடு, அக்கா. அவள் வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை. இப்படித் தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

ரலி


பொல்யானா,
மே 25

ரலி,

கேட்டுவிட்டேன். நீ நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி.

நேற்று எழுத்துத் திருநாள் ஊர்வலம். பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைச் சட்டையும் பூங்கொத்துமாகச் சதுக்கத்தைச் சுற்றினார்கள். மிலேனாவுக்கு நம் தோட்டத்துப் பியோனிப் பூக்களைக் கட்டிக் கொடுத்தேன். பாதி வழியிலேயே கை சோர்ந்து பூக்களைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தாள், ஆனால் அழவில்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பால் குடிக்க வைத்து, மடியில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். சத்தியமாக நீ சொன்னபடியே, எந்தப் பக்கமும் சாய்க்காமல்தான் கேட்டேன். "அம்மா புது வீடு பாத்திருக்காங்க. அங்க போய் அம்மாகூடவே இருக்கணுமா உனக்கு?"

வேண்டாம் என்று தலையாட்டினாள், ரலி. ஒரு தடவை ஆட்டிவிட்டு நிறுத்தவில்லை. முடி எல்லாம் முகத்தில் விழும்படி பலமாக ஆட்டினாள்.

நான் உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் இரண்டு பையன்களும் சோஃபியாவுக்குப் போய்க் குடும்பமாகிவிட்டார்கள், இந்த வீட்டில் இத்தனை வருஷம் என் செருப்புச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தோடேயே உன் முகம் வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் நானும் கொஞ்சம் அழுதேன்.

பிள்ளை மனதில் எவ்வளவு பயம் இருந்திருக்கிறது பார். நான் திரும்பி வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த அவள் பெட்டியை வெளியே இழுத்து, செருப்பை எல்லாம் அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அனுப்பிவிடப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "ஐயோ, யாரும் உன்னை அனுப்ப மாட்டாங்கடி, நீ எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்லிப் பெட்டியை எடுத்து அலமாரி மேலே வைத்தேன். அப்போது வந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வரும்படி கடித்தாள். பிறகு அந்த அலமாரியின் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். இந்த வருஷக் கடைசியில் எந்தப் பிள்ளையையும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

உனக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடு.

தோன்கா


செகோவியா பக்கம்,
ஜூன் 1

அக்கா,

உன் கடிதம் வந்தது. "வேண்டாம் என்று தலையாட்டினாள்" என்ற இடம்வரை படித்தேன். மீதியைப் படிக்கவில்லை. மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவளிடம் திரும்பி வர எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? வீட்டுக்காரரிடம் போய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை. இப்போது வேலை முடிந்து நேர் வழியிலேயே வருகிறேன். அறைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறேன், வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவளிடம் எதுவும் சொல்லாதே. அம்மாவுக்கு வருத்தம் என்று சொல்லிவிடாதே. ஆடி ஓடட்டும். செர்ரி பழுத்திருக்கும், மரத்தில் ஏற விடு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

இதை இப்படியே ஒட்டி வெலிசாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ரலி

ஜூன் 4. இன்னும் கொடுக்கவில்லை. பஸ் நாளைக்குத்தான் கிளம்புகிறது, நல்லவேளை.

அக்கா, இதைப் பொறுமையாகப் படி. கொட்டகைக்கு ப்ளோவ்திவிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். வயிற்று வலியால் இன்று முகம் வெளுத்து நின்றாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். அவள் நம் வழக்கப்படி பக்கவாட்டில் ஆட்டினாள். அவர் "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் மேஸ்திரியிடம், எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம், மேலும் கீழும் ஆட்டினால்தான் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நீ வந்த புதுசுலயும் இப்படித்தான் எங்க எல்லாரையும் சுத்தவிட்டே" என்றார்.

வேலை முடிந்ததும் ஓடினேன். அறைக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துக் கடைசிவரை படித்தேன். முந்தைய கடிதத்தையும் எடுத்தேன். போதுமா என்று கேட்டாயே, போதும் என்றுதான் அவள் மேலும் கீழும் ஆட்டியிருப்பாள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றுதான் பக்கவாட்டில் ஆட்டியிருப்பாள். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள், உண்மையைச் சொன்னதற்குத் திட்டு வாங்கியிருக்கிறாள். நம் ஊர்த் தலையாட்டல் அவளுக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். பழகியிருக்கும், யோசித்து ஆட்டும்போது. களைத்துப்போனால் யோசிக்க எங்கே தெம்பு இருக்கும்? எனக்கே ரொம்ப அசந்துபோன நாளில் தலை நம் ஊர்ப் பக்கம்தான் ஆடுகிறது. அவளுக்கு ஆடுவது இந்த ஊர்ப் பக்கம். அவள் வளர்ந்த ஊர் இதுதானே.

பயந்துபோன பிள்ளை செருப்பை எடுத்துப் பெட்டியில் வைப்பாளா, அக்கா?

எனக்கு ஒன்றே ஒன்று சொல். அவள் எந்தப் பக்கம் தலையாட்டினாள்? நினைவில்லை என்றால் மறுபடி கேள். தலையால் வேண்டாம், வாயால் சொல்லச் சொல். அதற்கு முன்னால் அவளை நன்றாகத் தூங்கவிடு.


பொல்யானா,
ஜூன் 9

ரலி,

மேலும் கீழும்தான் ஆட்டினாள்.

உன் கடிதத்தை வெலிசார் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டேன். மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். இந்தக் கண்ணால்தானே பார்த்தேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன். போதும் போதும் என்று கெஞ்சிய பிள்ளையின் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பள்ளி மூடியதிலிருந்து அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். சாப்பிட எழுந்திருப்பாள், மறுபடி படுப்பாள். எனக்குப் பயம் வந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, வருஷக் களைப்பு இறங்குகிறது, விட்டுவிடுங்கள் என்றார். உன் கடிதம் வந்த மறுநாள் காலை தானாக எழுந்து வந்து, தயிரும் ரொட்டியும் கேட்டாள். வாய் திறந்து கேட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எதிரில் உட்கார்ந்து சொன்னேன், தலையாட்டாதே, பேசு என்று. அம்மாவிடம் போக வேண்டுமா?

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? எல்லாம் தெரிந்த பெரிய மனுஷி ஒருத்தி, ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல இருந்தது. "அன்னைக்கே போகணும்னு சொன்னேனே, பெரியம்மா. நீ பெட்டியை மேல வெச்சுட்டே. அம்மாதான் நான் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்."

இத்தனை நாளும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், ரலி. நீ அங்கே அவள் வேண்டாம் என்றாள் என்று படுத்திருக்கிறாய், அவள் இங்கே நீ வேண்டாம் என்றாய் என்று படுத்திருக்கிறாள். நடுவில் நான் நிம்மதியாகச் செர்ரி ஜாம் கிளறிக்கொண்டிருந்தேன்.

கிரெமெனா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்து, காலில் கிடந்த வீட்டுச் செருப்போடு என் கூடவே தெருவில் நடந்து வந்தாள். மிலேனாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீ பொய் சொல்லல, டீச்சருக்குத்தான் உன் தலையைப் படிக்கத் தெரியல" என்றாள். வருஷக் கடைசியில் டீச்சருக்கும் களைப்பா என்று மிலேனா கேட்டாள்.

பெட்டியைக் கீழே எடுத்து வைத்துவிட்டேன். செருப்புகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவளே எடுப்பாள்.

தோன்கா


செகோவியா பக்கம்,
ஜூன் 15

அக்கா,

போனில் அவள் பேசியதை எல்லாம் மறுபடி எழுத மாட்டேன், நீ பக்கத்தில்தான் நின்றிருப்பாய், மூக்கை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது.

பேக்கரி மேல் வீடு போய்விட்டது. அதற்குள் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடிவந்துவிட்டது. என் ஒற்றை அறையில்தான் இருக்க வேண்டும், ஒரே கட்டில். அவளிடம் சொன்னேன். "நான் சுவத்துப் பக்கம் படுத்துக்கறேன்" என்றாள். பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் தாமதம் என்று முணுமுணுத்தார்கள், ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. புது ஷிஃப்டில் சேர்ந்த கையோடு கேட்டால் வேலையே போய்விடும். வெலிசாரின் மனைவி இந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறாளாம். மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மிலேனாவை அவளோடு அனுப்பிவிடு. மறுபடியும் பஸ்ஸில் தனியாக அனுப்பச் சொல்கிறேனே என்று மனம் உறுத்துகிறது. ஆனால் இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன்மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள் என்று எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. அவளை இத்தனை மாதம் குளிப்பாட்டி, சோறு போட்டு, எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நீ. போனில் அவள் பேச்சுக்குப் பேச்சு பெரியம்மா, பெரியம்மா என்றுதான் சொன்னாள்.

நீ எப்படி இருக்கப் போகிறாய், அக்கா? அதை நான் கேட்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ரலி


பொல்யானா,
ஜூன் 23

ரலி,

இந்நேரம் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். வழியில் வாந்தி எடுத்தாளா? ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தேன், வெலிசார் தின்னாமல் இருந்தால் சரி.

கிளம்பிய அன்று காலை முழுக்க வீட்டை இரண்டுபடுத்திவிட்டாள். பெட்டியைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, நான் அம்மாகிட்ட போறேன் என்று சொன்னாள். அஞ்சல்காரன் "உங்க அம்மா உன்னை அடையாளம் கண்டுபிடிப்பாங்களா, இவ்ளோ உசரமாயிட்டியே" என்று சீண்டினான். "நான்தான் அவங்களைக் கண்டுபிடிப்பேன்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். இந்த வாயாடி எங்கே ஒளிந்திருந்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது. மத்தியானம் பஸ் வருவதற்குள் அவ்வளவு உற்சாகமும் தீர்ந்துபோய், என் தோளில் சாய்ந்துவிட்டாள். நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். கனமாகிவிட்டாள், ரலி. இனி நீ தூக்கப் போகிறாய், இடுப்பைப் பார்த்துக்கொள்.

நான் எப்படி இருக்கப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். இருப்பேன். பள்ளிச் சமையலறை மூடிவிட்டது, செப்டம்பர்வரை வேலை இல்லை. நேற்று பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளே வைக்க மனம் வராமல், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோ போட்டால் அது இன்னும் மோசமாக இருக்கிறது.

பஸ்ஸில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, சால்வையைப் போர்த்திவிட்டுத் திரும்பினேன். பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நீ தனியா இருந்துக்குவியா?" என்றாள். வெலிசார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வாயால் சொன்னால் அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. தலையைத்தான் ஆட்டினேன். மேலும் கீழும் ஆட்டினேன், ரலி, பிறந்ததிலிருந்து ஆட்டுகிற மாதிரி. முடியாது என்றுதான் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "சரி, பெரியம்மா" என்று சொல்லி என் கையை விட்டுவிட்டு, ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அவள் அதை உங்கள் ஊர்ப் பக்கமாக எடுத்துக்கொண்டாள் என்று இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரியம்மா தனியாக நன்றாக இருந்துகொள்வதாகச் சொன்னாள் என்று உன்னிடமும் சொல்வாள். ஆமாம் என்று சொல்லிவிடு. திருத்தாதே.

தோன்கா